கொழுப்பு எங்கே போய்ச் சேர்கிறது என்பதுதான் கேள்வி

வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கப் போவார்கள். வயிற்று வலி, சிறுநீரகக் கல் இருக்குமோ என்ற சந்தேகம், இல்லையென்றால் ஆண்டுக்கு ஒருமுறை செய்துகொள்ளும் முழு உடல் பரிசோதனை. ரிப்போர்ட்டின் நடுவில் ஒரு வரி இருக்கும்: 'கல்லீரலில் கொழுப்பு, கிரேடு 1'. டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, "இது நிறையப் பேருக்கு இருக்கிறதுதான், கொஞ்சம் எடையைக் குறைங்க, நடங்க" என்று சொல்லி அடுத்த பக்கத்தைப் புரட்டுவார். ரிப்போர்ட் ஃபைலுக்குள் போய்விடும். எட்டு, பத்து வருஷம் கழித்துப் பார்த்தால் அதே ஆள் சர்க்கரைக்கு ஒன்று, பி.பி.க்கு ஒன்று, கொலஸ்ட்ராலுக்கு ஒன்று என்று மூன்று மாத்திரை போட்டுக்கொண்டிருப்பார். மூன்றும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் தனித்தனியாக வந்து சேர்ந்தது போலத்தான் அவருக்குத் தோன்றும்.

அப்படி இல்லை என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். உலகில் ஏறக்குறைய பத்துக்கு மூன்று பெரியவர்களுக்குக் கல்லீரலில் தேவைக்கு மேல் கொழுப்பு இருக்கிறது. நிறையப் பேருக்கு இருப்பதால் அது சாதாரணம் என்று ஆகிவிடாது. உணவும் எடையும் உடலைக் கெடுக்கும் கதையில் பெரும் பகுதி அந்த இடத்தில்தான் ஆரம்பிக்கிறது. நாம் எடை மெஷினில் வரும் எண்ணையே பார்த்துக்கொண்டிருப்பதால் அதைத் தவறவிடுகிறோம்.

முதலில் கொழுப்பைப் பற்றிய ஒரு தப்பான எண்ணத்தை எடுத்துவிடலாம். தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பு நம் எதிரி அல்ல. அது ஒரு கிடங்கு, அதுவும் பத்திரமான கிடங்கு. சாப்பிட்டதில் உடனே செலவாகாத ஆற்றலை வாங்கி வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது திருப்பித் தருவது அதன் வேலை. இது எவ்வளவு முக்கியமான வேலை என்பது லிப்போடிஸ்ட்ரோஃபி என்ற அரிய நோய் உள்ளவர்களைப் பார்த்தால் புரியும். அவர்களில் சிலருக்குப் பிறவியிலேயே உடலில் கொழுப்புத் திசு கிட்டத்தட்ட இருக்காது. ஒட்டி உலர்ந்த, நரம்பும் தசையும் தெரியும் உடம்பு. எடைதான் நோய்க்குக் காரணம் என்றால் இவர்களுக்கு ஒன்றும் வந்திருக்கக் கூடாது. ஆனால் இவர்களுக்குச் சின்ன வயதிலேயே கடுமையான சர்க்கரை நோய் வருகிறது, கல்லீரல் முழுக்கக் கொழுப்பு படிகிறது, ரத்தத்தில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு எகிறுகிறது. கொழுப்பை வைக்க வேண்டிய இடம் இல்லாததால் அது வைக்கக் கூடாத இடங்களுக்குப் போய்விடுகிறது.

மற்ற எல்லாருக்கும் நடப்பது இதே கதைதான், கொஞ்சம் மெதுவாக. தோலடிக் கிடங்குக்கு ஒரு கொள்ளளவு உண்டு. அது ஆளுக்கு ஆள் மாறும், பரம்பரையைப் பொறுத்தும் மாறும், பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் வரை இடுப்பிலும் தொடையிலும் கூடுதல் இடம் இருக்கும். கொள்ளளவு நிறைந்த பிறகும் வரத்து நிற்காவிட்டால் மிச்சம் வழிந்து வயிற்றுக்குள் குடலைச் சுற்றியும், கல்லீரலுக்குள்ளும், தசைக்குள்ளும், கணையத்துக்குள்ளும் சேரும். ஒருவருக்கு 110 கிலோவிலும் கிடங்கில் இடம் மிச்சமிருக்கலாம், இன்னொருவருக்கு 68 கிலோவிலேயே நிறைந்துவிடலாம். 'நான் ஒன்றும் குண்டு இல்லையே, எனக்கு எப்படிச் சர்க்கரை வந்தது' என்று கேட்கிறவர்களுக்கான பதில் இதுதான். பார்க்கப் பருமனாக இருந்தும் ரத்தப் பரிசோதனைகள் எல்லாம் சரியாக இருக்கிறவர்களின் கதைக்கும் பெரும்பாலும் இதுவே விளக்கம், அவர்களிலும் பலருக்கு வருஷங்கள் போகப் போக அந்த நிலை மாறிவிடுகிறது என்றாலும்.

கொழுப்பின் இடம்தான் முக்கியம் என்பது நேற்று வந்த கண்டுபிடிப்பு இல்லை. பிரான்ஸின் மார்செய் நகரத்து மருத்துவர் ஜான் வாக் 1947 லேயே இதை எழுதிவிட்டார்: மேலுடம்பிலும் வயிற்றிலும் சதை போடுகிறவர்களுக்குத்தான் சர்க்கரை நோயும் ரத்தக் குழாய் நோயும் அதிகம் வருகின்றன, இடுப்புக்குக் கீழே சேர்கிறவர்களுக்கு அவ்வளவாக இல்லை என்று. அதைப் பலரும் கண்டுகொள்ள பல பத்தாண்டுகள் ஆயின. அந்த இடைவெளியில் நாம் பிடித்துக்கொண்டது பி.எம்.ஐ. என்ற எண்ணை. எடையை (கிலோவில்) உயரத்தின் வர்க்கத்தால் (மீட்டரில்) வகுத்தால் வருவது அது. 1830களில் பெல்ஜியத்தைச் சேர்ந்த அடால்ஃப் கெட்லே என்ற புள்ளியியலாளர், 'சராசரி மனிதன்' எப்படி இருப்பான் என்று தெரிந்துகொள்வதற்காகப் போட்ட கணக்கு. நோயைக் கணிப்பதற்காக அவர் அதைப் போடவில்லை. 1972 இல் அமெரிக்க ஆய்வாளர் ஆன்செல் கீஸ் அதற்கு இன்றைய பெயரைக் கொடுத்தார். பெரிய மக்கள் கூட்டத்தை அளக்க அது நல்ல கருவிதான். ஒரு தனி ஆளிடம் அதைக் காட்டி 'உனக்கு நோய் இருக்கிறது' அல்லது 'இல்லை' என்று சொல்ல அது போதாது, ஏனென்றால் தசையா கொழுப்பா, கொழுப்பென்றால் எங்கே என்று அதற்குத் தெரியாது. 25க்கு மேல் அதிக எடை, 30க்கு மேல் உடல் பருமன் என்ற பொதுவான எல்லைகூட எல்லா மக்களுக்கும் பொருந்தவில்லை. ஆசிய மக்களுக்கு 23 இலும் 27.5 இலுமே கவனிக்கத் தொடங்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 2004 இல் சொன்னது. அந்தப் பழைய எல்லையை மனதில் வைத்துக்கொண்டு 24 என்று பார்த்து நிம்மதி அடைந்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

வீட்டில் செய்யக்கூடிய அளவு ஒன்று இருக்கிறது. ஓர் அளவு நாடா போதும். இடுப்புச் சுற்றளவு உங்கள் உயரத்தில் பாதிக்குக் குறைவாக இருக்க வேண்டும். 160 செ.மீ. உயரம் என்றால் 80க்குள். பேண்ட் அளவை வைத்துச் சொல்லக் கூடாது, பேண்ட்டைத் தொப்பைக்குக் கீழே இறக்கிக் கட்டுகிறோம். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக வெளியே விட்டபின் அளக்க வேண்டும். பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2022 இலிருந்து இதையும் பார்க்கச் சொல்கிறது.

சரி, கல்லீரலுக்கு வருவோம். கல்லீரலின் பல வேலைகளில் ஒன்று, நாம் சாப்பிடாத நேரத்தில், குறிப்பாக ராத்திரியில், ரத்தத்துக்குக் குளுக்கோஸ் விட்டுக்கொண்டே இருப்பது. எவ்வளவு விட வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்பதை இன்சுலின் சொல்லும். கொழுப்பு படிந்த கல்லீரலுக்கு அந்தப் பேச்சு சரியாகக் கேட்பதில்லை. நிறுத்து என்றாலும் விட்டுக்கொண்டே இருக்கும். ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவருக்குக் காலையில் வெறும் வயிற்றில் சர்க்கரை 115 காட்டுவது, பெரும்பாலும் ராத்திரிச் சாப்பாட்டால் இல்லை, கல்லீரல் விடிய விடிய ஊற்றியதால். அதைச் சமாளிக்கக் கணையம் இன்னும் அதிகமாக இன்சுலின் சுரக்கும். இங்கேதான் வினை. இன்சுலினின் இன்னொரு கட்டளை 'மிச்சத்தைக் கொழுப்பாக மாற்று' என்பது. குளுக்கோஸ் விஷயத்தில் காது கேட்காத கல்லீரல், கொழுப்பு செய்யும் விஷயத்தில் மட்டும் அந்தக் கட்டளையை நன்றாகவே கேட்கிறது. ஆக, இன்சுலின் கூடக் கூடக் கல்லீரலில் கொழுப்பும் கூடுகிறது, கொழுப்பு கூடக் கூட இன்சுலினும் கூட வேண்டியிருக்கிறது. தாங்க முடியாத கல்லீரல் கொழுப்பை டிரைகிளிசரைடாகக் கட்டி ரத்தத்தில் அனுப்பும், அதில் ஒரு பங்கு கணையத்தில் போய்ப் படியும், இன்சுலின் சுரக்கும் செல்கள் சோர்ந்துபோகும். அந்தச் செல்கள் ஈடுகொடுக்கும் வரை சர்க்கரை அளவு ஏறத்தாழ சரியாகவே தெரியும். அவை பின்வாங்கும் நாளில்தான் 'சர்க்கரை வந்துவிட்டது' என்கிறோம். உண்மையில் அது பல வருஷமாக வந்துகொண்டிருந்த ஒன்று.

இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராய் டெய்லர், கல்லீரலில் ஒன்றும் கணையத்தில் ஒன்றுமாக ஓடும் இந்த இரட்டைச் சுழலை 2008 இல் ஒரு கருதுகோளாக முன்வைத்தார். கருதுகோள் சரியென்றால், கொழுப்பை எடுத்துவிட்டால் நோய் திரும்பிப் போக வேண்டும். 2011 இல் அவர் குழு 11 பேருக்கு எட்டு வாரம், நாளுக்கு 600 கலோரி அளவில் மிகக் குறைந்த உணவு கொடுத்துப் பார்த்தது. முதல் ஏழு நாளிலேயே கல்லீரல் கொழுப்பு 30 சதவீதம் இறங்கியது, வெறும் வயிற்றுச் சர்க்கரை இயல்புக்கு வந்தது. ஏழே நாள்! கணையம் மெதுவாக, எட்டு வாரத்தில் மீண்டது. அதன் பிறகு ஸ்காட்லாந்திலும் இங்கிலாந்தின் வடகிழக்கிலும் சாதாரண மருத்துவர்களின் கிளினிக்குகளில் பெரிய அளவில் செய்த டைரெக்ட் ஆய்வின் முடிவு 2017 இல் வந்தது. சர்க்கரை நோய் வந்து ஆறு வருஷத்துக்குள் இருந்தவர்கள், இன்சுலின் ஊசி போடாதவர்கள். ஒரு வருஷம் கழித்து, குறைந்த உணவுத் திட்டத்தில் இருந்தவர்களில் 46 சதவீதம் பேர் சர்க்கரை மாத்திரை இல்லாமலே நோய் வரம்புக்குக் கீழே இருந்தார்கள். வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களில் அது 4 சதவீதம். 15 கிலோ அல்லது அதற்கு மேல் குறைத்தவர்களை மட்டும் எடுத்தால் 86 சதவீதம். இரண்டாவது வருஷ முடிவில் அந்த 46 என்பது 36 ஆக இறங்கியது, எடை திரும்பியவர்களுக்கு நோயும் திரும்பியது. இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இன்னொன்று, மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொண்டிருக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாமாகவே சாப்பாட்டைப் பாதியாக்கிவிடக் கூடாது. சர்க்கரை ஆபத்தான அளவுக்குக் கீழே போய்விடும். அந்த ஆய்விலும் மாத்திரைகளை மருத்துவர்கள்தான் நிறுத்தினார்கள்.

கல்லீரல் நோயைப் பற்றிப் பேசும்போது மனதை உறுத்தும் ஒரு விஷயம். 1980 இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த யூர்கன் லுட்விக் குழு 20 நோயாளிகளைப் பற்றி எழுதியது. கல்லீரலைச் சோதித்தால் குடிநோயாளியின் கல்லீரல் போலவே இருந்தது, ஆனால் அவர்கள் குடிப்பவர்கள் இல்லை. அதற்கு முன்னால் இப்படிப்பட்டவர்கள் 'குடிப்பதை மறைக்கிறார்கள்' என்ற சந்தேகத்தைச் சுமந்துகொண்டு போயிருப்பார்கள். 2023 இல்தான் இந்த நோயின் பெயரிலிருந்தே 'ஆல்கஹால்', 'ஃபேட்டி' என்ற சொற்களை எடுத்துவிட்டு, வளர்சிதை மாற்றக் கோளாறோடு சேர்த்துப் புதுப் பெயர் வைத்தார்கள்.

இந்தக் கொழுப்பு வழிதலிலிருந்து மற்ற நோய்கள் எப்படிக் கிளைக்கின்றன என்றால், ஒரே மரத்தின் கிளைகள் மாதிரித்தான். ரத்தத்தில் இன்சுலின் எப்போதும் உயர்வாக இருந்தால் சிறுநீரகம் உப்பை வெளியேற்றாமல் பிடித்து வைக்கும், வயிற்றுக் கொழுப்பு சிறுநீரகத்தை அழுத்தவும் செய்யும், ரத்த அழுத்தம் ஏறும். கல்லீரல் அனுப்பும் டிரைகிளிசரைடால் நல்ல கொலஸ்ட்ரால் இறங்கும், கெட்டதின் துகள்கள் சிறுத்து அடர்ந்து ரத்தக் குழாய்ச் சுவருக்குள் எளிதாக நுழையும். இவை எல்லாம் ஒரே ஆளிடம் கூட்டமாக வருவதைக் கவனித்து, பின்னணியில் இருப்பது இன்சுலின் எதிர்ப்புதான், அதாவது இன்சுலினின் பேச்சை உடல் சரியாகக் கேட்காத நிலைதான் என்று ஸ்டான்ஃபோர்டின் ஜெரால்ட் ரீவன் 1988 இல் சொன்னார். மாரடைப்பு, பக்கவாதம், சிறுநீரகச் செயலிழப்பு எல்லாம் இந்தக் கூட்டத்தின் கடைசிப் பக்கங்கள். ஃபேட்டி லிவர் உள்ளவர்கள் அதிகம் இறப்பது கல்லீரல் கெட்டு அல்ல, இதய நோயால்.

புற்றுநோயை இந்தப் பட்டியலில் பலர் எதிர்பார்ப்பதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கீழுள்ள புற்றுநோய் ஆய்வு முகமை 2016 இல், கூடுதல் உடல் கொழுப்போடு தொடர்புள்ளவை என்று 13 வகைப் புற்றுநோய்களைச் சொன்னது. பெருங்குடல், கல்லீரல், கணையம், சிறுநீரகம், கருப்பையின் உட்சுவர், மாதவிடாய் நின்ற பிறகு வரும் மார்பகப் புற்றுநோய் எல்லாம் அதில் உண்டு. காரணங்கள் ஒன்றுக்கு மேல். கொழுப்புத் திசு ஈஸ்ட்ரஜனைத் தயாரிக்கும், மாதவிடாய் நின்ற பெண்ணின் உடலில் அதுதான் முக்கிய ஊற்று. இன்சுலின் செல்களை வளரச் சொல்லும் செய்தியும்கூட. அப்புறம் பருத்துப்போன கொழுப்புத் திசுவில் ஓயாமல் கனலும் அழற்சி.

குறட்டையை நாம் நல்ல தூக்கத்தின் அடையாளமாக நினைத்துப் பழகிவிட்டோம். நாக்கிலும் தொண்டையைச் சுற்றியும் கொழுப்பு சேர்ந்து, தூக்கத்தில் தசை தளரும்போது மூச்சுப் பாதை மூடிக்கொள்கிறது. சில நொடிகள் மூச்சே இருக்காது, பிறகு திடுக்கிட்டு இழுப்பார்கள், ஒரு மணி நேரத்தில் இது முப்பது தடவைகூட நடக்கும், தூங்குகிறவருக்குத் தெரியாது, பக்கத்தில் படுத்திருப்பவருக்குத்தான் தெரியும். காலையில் தலைவலி, பகலெல்லாம் தூக்கக் கலக்கம், மாத்திரைக்குக் கட்டுப்படாத பி.பி., வண்டி ஓட்டும்போது கண் சொக்குவது. சரியாகத் தூங்காத உடம்புக்கு மறுநாள் பசியும் அதிகம், அதுவும் இனிப்பையும் மாவையும் தேடும் பசி. எடை தூக்கத்தைக் கெடுக்கிறது, கெட்ட தூக்கம் எடையைக் கூட்டுகிறது. உங்கள் வீட்டில் யாராவது இப்படி மூச்சு நின்று நின்று தூங்கினால் தயவுசெய்து எழுப்பிச் சொல்லுங்கள், பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

முழங்காலைப் பொறுத்தவரை கணக்கு எளிது: ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் மூட்டின் மீது விழும் சுமை நான்கு கிலோ அளவுக்குக் குறைகிறது. பித்தப்பைக் கல், கௌட் என்ற மூட்டு வாதம், நெஞ்செரிச்சல், பெண்களுக்குச் சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு தீவிரமாவது, ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் இறங்குவது என்று பட்டியல் இன்னும் நீளும்.

இதுவரை அதிகமாக இருப்பதைப் பற்றியே பேசினேன். உணவு விஷயத்தில் இல்லாததும் அதே அளவு கேடு செய்கிறது. நோய்ச் சுமையைக் கணக்கிடும் உலகளாவிய ஆய்வு ஒன்று, 2017 ஆம் ஆண்டில் மட்டும் ஒரு கோடியே 10 லட்சம் மரணங்களுக்கு மோசமான உணவு காரணம் என்று கணக்கிட்டது. அதில் முதலிடங்களில் நின்றவை எண்ணெயும் சர்க்கரையும் அல்ல. உப்பு அதிகமாக இருப்பது, முழுதானியம் போதாமல் இருப்பது, பழம் போதாமல் இருப்பது. இவற்றுக்கும் எடைக்கும் நேரடிச் சம்பந்தம் இருக்க வேண்டியதே இல்லை, ஒல்லியான ஆளையும் கொல்லும். நார்ச்சத்து குடலில் இருக்கும் நல்ல கிருமிகளுக்கு உணவு. அது கிடைக்காதபோது அக்கிருமிகளில் சில குடலைப் பாதுகாக்கும் சளிப் படலத்தையே தின்ன ஆரம்பிக்கும் என்று எலிகளில் பார்த்திருக்கிறார்கள். நாளுக்கு 25 கிராம் நார்ச்சத்து, 400 கிராம் காய்கறி பழம், 5 கிராமுக்குள் உப்பு, மொத்த ஆற்றலில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகச் சேர்க்கப்படும் சர்க்கரை என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. பழச்சாற்றில் இருக்கும் சர்க்கரையும் இந்தக் கணக்கில் வரும், முழுப் பழத்தில் இருப்பது வராது. பழத்தைக் கடித்துத் தின்றால் நாரோடு மெதுவாகப் போகும், சாறாகக் குடித்தால் அதே ஃபிரக்டோஸ் வெள்ளம் போலக் கல்லீரலை அடையும். ஃபிரக்டோஸைப் பெரும்பாலும் கல்லீரலும் சிறுகுடலும்தான் கையாள வேண்டும், அளவு மீறினால் அது கொழுப்பாகிறது. குளிர்பானம் இதில் இன்னும் மோசம், திரவமாகப் போகும் கலோரியை வயிறு சரியாகக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை, அரை லிட்டர் குடித்துவிட்டும் அடுத்த வேளை அதே அளவு சாப்பிடுவோம்.

ஒரு சோதனையைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் 'வாயைக் கட்ட முடியாதவர்கள்' என்ற பேச்சை அது ஆட்டிப் பார்க்கிறது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் 2019 இல் வெளியிட்டது. 20 பேரை ஒரு மாதம் உள்ளேயே தங்க வைத்தார்கள். இரண்டு வாரம் தொழிற்சாலையில் மிகையாகப் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் பதப்படுத்தாத உணவு. இரண்டிலும் முன்னால் வைத்த கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் சமம். எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம். பதப்படுத்திய உணவு கிடைத்த நாள்களில் அதே ஆட்கள் தங்களுக்கே தெரியாமல் நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள், சாப்பிட்ட வேகமும் அதிகம். இரண்டு வாரத்தில் 0.9 கிலோ ஏறியது. மற்ற உணவில் அதே 0.9 கிலோ இறங்கியது. ஆள் மாறவில்லை, அவருடைய மன உறுதி மாறவில்லை, தட்டில் இருந்தது மட்டும் மாறியது. மென்று தின்ன வேண்டிய அவசியமே இல்லாத மென்மை, ஒரு கவளத்தில் அடங்கியிருக்கும் அடர்ந்த கலோரி, இவையெல்லாம் வயிறு நிறைந்த செய்தி மூளைக்குப் போவதற்கு முன்பே தட்டைக் காலி செய்ய வைக்கின்றன.

எடை குறைப்பது ஏன் இவ்வளவு கஷ்டம் என்பதற்கும் உடலிலேயே விடை இருக்கிறது. கொழுப்புத் திசு வெறும் கிடங்கு அல்ல, பேசும் உறுப்பு. 1994 இல் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழு லெப்டின் என்ற ஹார்மோனைக் கண்டுபிடித்தது. கிடங்கில் எவ்வளவு இருக்கிறது என்று மூளைக்குச் சொல்வது அதுதான். எடை குறைந்தால் லெப்டின் சரியும், மூளை அதைப் பஞ்சம் என்று எடுத்துக்கொள்ளும், பசியைக் கூட்டும், செலவைக் குறைக்கும். மெல்போர்னில் 50 பேரைப் பத்து வாரம் குறைந்த உணவில் வைத்து எடை குறைத்துப் பார்த்த ஆய்வு 2011 இல் வந்தது. ஒரு வருஷம் ஆன பிறகும் அவர்களின் பசி ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை, எடை குறைவதற்கு முன்பு இருந்ததைவிட அதிகமாகவே பசித்தது. ஒரு வருஷம் முழுக்கத் தன் உடம்போடு மல்லுக்கட்டிவிட்டு மறுபடி எடை ஏறியவரைப் பார்த்து 'சோம்பேறி' என்று சொல்வது எவ்வளவு பெரிய அநியாயம்! அந்த அவமானம் ஒரு கிராமைக்கூடக் குறைத்ததில்லை. மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போட வைக்கிறது, அவ்வளவுதான். இன்னொரு பக்கம், எந்த வலியோடு போனாலும் 'எடையைக் குறைத்துவிட்டு வாங்க' என்று அனுப்பப்பட்டு, வேறொரு நோய் காலம் கடந்து தெரிய வருகிறவர்களும் இருக்கிறார்கள்.

ஆனால் இதைக் கேட்டுக் கையை விரித்துவிட வேண்டாம், ஏனென்றால் உடல் கேட்பது நாம் நினைக்கும் அளவுக்குப் பெரிய மாற்றம் இல்லை. கல்லீரலிலும் வயிற்றுக்குள்ளும் கடைசியாக வழிந்து சேர்ந்ததுதான் முதலில் வெளியேறுகிறது. எடையில் 5 சதவீதம் போனாலே கல்லீரல் கொழுப்பு கணிசமாக இறங்கும், 7 முதல் 10 சதவீதம் போனால் கல்லீரலின் அழற்சியும் தணியும். 90 கிலோ ஆளுக்கு அது ஆறு முதல் ஒன்பது கிலோ. கண்ணாடியில் பெரிதாகத் தெரியாது, 'இன்னும் அப்படியேதானே இருக்கிறாய்' என்று பார்க்கிறவர்கள் சொல்வார்கள், உள்ளே எல்லாம் மாறியிருக்கும். சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 3,234 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த தடுப்பு ஆய்வில் (முடிவு 2002 இல் வந்தது) இலக்கே 7 சதவீத எடைக் குறைப்பும் வாரத்துக்கு 150 நிமிட உடற்பயிற்சியும்தான். நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை கொடுத்த குழுவில் 31 சதவீதம். எடை மெஷின் அசையாத வாரங்களிலும் நடையும் தசைப் பயிற்சியும் கல்லீரல் கொழுப்பைக் குறைக்கின்றன. தசை குளுக்கோஸை வாங்கிக்கொள்ளும் மிகப் பெரிய உறுப்பு. அதனால்தான் பட்டினி கிடந்து தசையையும் சேர்த்து இழப்பது கெட்ட பேரம். வேகமாக இளைத்தால் பித்தப்பையில் கல் சேரும் ஆபத்தும் கூடவே வரும்.

சில ஆண்டுகளாக எடை குறைக்கும் ஊசி மருந்துகளைப் பற்றித்தான் எங்கும் பேச்சு. செமாகுளுடைட் போன்றவை குடல் ஹார்மோனைப் போல நடித்து, மூளையின் பசியைத் தணிக்கின்றன. 17,604 பேரிடம், ஏற்கெனவே இதய நோய் உள்ளவர்கள், சர்க்கரை நோய் இல்லாதவர்கள், நடந்த ஆய்வின் முடிவு 2023 இல் வந்தபோது மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் மூன்றும் சேர்ந்து 20 சதவீதம் குறைந்திருந்தன. பருமன் ஒரு குணக்கேடு இல்லை, உடலியல் சார்ந்த நோய் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை. ஊசியை நிறுத்தினால் இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஒரு வருஷத்தில் திரும்பிவிடுகிறது என்பதும் அதே அளவு உண்மை. வாந்தி, குமட்டல், தசை இழப்பு எல்லாம் உண்டு, மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் தொடக் கூடாதது.

கடைசியாக, ஃபைலில் கிடக்கும் அந்த ஸ்கேன் ரிப்போர்ட்டுக்கு வருவோம். கல்லீரலில் கொழுப்பு இருப்பது தெரிந்தால் அடுத்த கேள்வி, அங்கே தழும்பு விழ ஆரம்பித்திருக்கிறதா என்பது. சாதாரண ஸ்கேனில் அது ஆரம்பத்தில் தெரியாது, கல்லீரல் என்சைம்கள் இயல்பாக இருந்தாலும் தழும்பு இருக்கலாம். ஃபிப்-4 என்ற கணக்கைப் போட்டுப் பார்க்கலாம், அதற்குப் புதிதாக ஒரு பரிசோதனையும் வேண்டியதில்லை. இதில் வரும் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி இரண்டும் கல்லீரல் என்சைம்கள். வயதை எஸ்ஜிஓடி அளவால் பெருக்க வேண்டும். அதை, பிளேட்லெட் எண்ணிக்கையை (2,00,000 என்றால் 200 என்று எடுத்துக்கொள்ள வேண்டும்) எஸ்ஜிபிடியின் வர்க்கமூலத்தால் பெருக்கி வருவதால் வகுக்க வேண்டும். 52 வயது, எஸ்ஜிஓடி 50, எஸ்ஜிபிடி 64, பிளேட்லெட் 2,00,000 என்றால் 2600ஐ 1600ஆல் வகுத்தால் 1.63 வரும். 1.3க்குக் கீழே இருந்தால் இப்போதைக்குப் பெரிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு, 65 வயதைத் தாண்டியவர்களுக்கு இந்த எல்லை 2.0. அவரவர் வயதுக்கான எல்லைக்கு மேல் போனால் கல்லீரலின் விறைப்பை அளக்கும் எலாஸ்டோகிராஃபி என்ற வலியில்லாத ஸ்கேன் வேண்டுமா என்று டாக்டரிடம் கேட்க வேண்டும். 2.67க்கு மேல் என்றால் கல்லீரல் நிபுணரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடக் கூடாது. கணக்குக்கு வேண்டிய நான்கு எண்களும் போன வருஷம் எடுத்த ரத்தப் பரிசோதனையிலேயே இருக்கக்கூடும்.